பெயர் வைக்காத பிள்ளைகளையும் எண்ணியவர்

பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்து, ஆட்கள் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போய்விட்ட காலை நேரம். பால்மரங்கள் இலை உதிர்க்கும் காலம் இது. காற்று இல்லாமலே இலைகள் தாமாக இறங்கிக்கொண்டிருந்தன. ஜொகூர் பாருவிலிருந்து திரும்பிய லாரி ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் கீழே இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்து, "கிராணி ஐயா, டிரஸ்ஸர் ஐயா ஆஸ்பத்திரியில தவறிட்டாங்க. விடியக்காலைல" என்றார். நான் "சரி" என்று மட்டும் சொன்னேன். என்ன சரி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு முழுவதும் தோட்டம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் தெரிந்தது.

மலாயாவில் மாசாய்க்கு அப்பால் உள்ள எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளராக இருந்தவர் திரு. வைத்திலிங்கம் அவர்கள். எங்கள் எல்லாருக்கும் அவர் டிரஸ்ஸர் ஐயா. நான் அதே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அவரை அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்தவர்கள் இதில் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் இருந்தால் பொறுத்திருக்க மாட்டார்.

பெரிய யுத்தம் 1918-இல் முடிந்து சில ஆண்டுகளில் அவர் யாழ்ப்பாணத்திலிருந்து மனைவி இராசம்மா அவர்களுடன் வந்து சேர்ந்தார். பாசிர் கூடாங் கரையில் படகிலிருந்து இறங்கியவர், வெயிலும் மழையும் இல்லாத அந்த மாலையில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். "எதுக்குக் குடை?" என்று, அழைத்துவரப் போன நான் கேட்டேன். "உங்கட ஊரை நம்பேலாது கிராணியார்" என்றார். அன்று தொடங்கிய கேலி கடைசி வரை எங்களுக்குள் ஓயவில்லை. அவருடைய தமிழை நான் கேலி செய்வேன், என் கையெழுத்தை அவர் கேலி செய்வார்.

காய்ச்சல் காலத்தில் பெரட்டுக் களத்திலேயே கசப்பான கொயினா மருந்துத் தண்ணீரை ஊற்றிக் கொடுப்பார். வாங்கியவர் விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். ஒரு நாள் ஆட்களுக்குத் தலைவரான கங்காணியே மருந்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நின்றார். டிரஸ்ஸர் ஐயா அதட்டவில்லை. அவர் எதிரிலேயே நின்று வானத்தைப் பற்றி, மழையைப் பற்றி, ஊரைப் பற்றி மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தார். கங்காணியால் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் விழுங்கினார். களம் முழுவதும் சிரித்தது. சிரிக்காதவர் டிரஸ்ஸர் ஐயா மட்டும்தான்.

பிரசவத்துக்கென்று ஆஸ்பத்திரியை ஒட்டி ஓர் அறை வேண்டும் என்று அவர் ஆண்டுக்கணக்கில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையை நச்சரித்தார். அதற்கு முன் பெண்கள் லயம் என்னும் வரிசை வீட்டு மூலையில், சாக்குப் படுதாவுக்குப் பின்னால் பெற்றெடுத்தார்கள். ஒருவழியாக அறை எழுந்தது. சுண்ணாம்புச் சுவர், அகலமான சன்னல், சன்னலுக்கு வெளியே மரங்கள். மாரியாயி என்ற நடுவயதுப் பெண்ணுக்கு அவரே வேலை பழக்கி, அங்கே மருத்துவச்சியாக வைத்தார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சுடுதண்ணீரும் வேப்பெண்ணெயும் கலந்த மணம் வரும். எனக்கு அந்த மணம் தூக்கத்தைக் கொண்டுவரும். பிறகு ரப்பர் விலை விழுந்தது.

தோட்டங்களில் ஆட்களைக் குறைத்தார்கள், கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். எங்கள் துரை ஒவ்வொரு செலவாக வெட்டிக்கொண்டு வந்தார். பிரசவ அறையின் முறையும் வந்தது. பிறக்கும் பிள்ளைகளில் ஒரு வயது நிறைவதற்குள் இறப்பவர்களின் வீதத்தை, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டு எழுதச் சொன்னார். டிரஸ்ஸர் ஐயா உற்சாகமாக எழுதத் தொடங்கினார். எழுதி முடித்தபோது அவர் முகம் வெளிறிவிட்டது. அறை கட்டுவதற்கு முந்திய ஆண்டுகளில் வீதம் குறைவாக இருந்தது. கட்டிய பின்பு ஏறியிருந்தது. அந்தத் தாளை நம்பினால், நாங்கள் அறையைக் கட்டிப் பிள்ளைகளைச் சாகடித்திருக்கிறோம்.

"கண்ணுக்கு முன்னாலை பிள்ளையள் தப்புதுகள். தாளிலை சாகுதுகள். இந்தப் பழைய வருசங்கள் ஏன் இவ்வளவு வடிவாக் கிடக்கு?" என்று என்னிடம் கேட்டார். மாதம் முடிந்ததும் அறையைப் பூட்டுவது என்று துரை சொல்லிவிட்டார். டிரஸ்ஸர் ஐயா அந்த நாட்களில் குடையைக்கூட மறந்து நடந்தார்.

விடை மாரியாயியிடமிருந்து வந்தது, அதுவும் தற்செயலாக. துணி உலர்த்திக்கொண்டிருந்த அவரிடம் டிரஸ்ஸர் ஐயா, "உமக்கு எத்தினை பிள்ளையள்?" என்று சும்மா கேட்டார். "மூணு ஐயா." டிரஸ்ஸர் ஐயா மறுபடியும், "முதல் பிள்ளை கஷ்டப்பட்டே பிறந்தது?" என்றார். "மொதப் புள்ளையா? அது பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே போயிடுச்சுங்க. அதுக்கப்புறமும் ஒண்ணு அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அவர் துணியை உதறினார். அவர் சொன்ன மூன்றில் அந்த இரண்டும் இல்லை.

எங்கள் லயங்களில் அப்படி ஒரு வழக்கம். பெயர் வைத்த பிறகுதான் கங்காணி ஆபீசுக்கு வந்து பிறப்பைச் சொல்வார். அதற்கு முன் போய்விட்ட பிள்ளை பிறந்ததாகவும் இல்லை, இறந்ததாகவும் இல்லை. அதைப் பற்றிப் பேசினால் அடுத்த பிள்ளைக்கு ஆகாது என்று தாய்மார் வாயே திறக்க மாட்டார்கள். பிரசவ அறை வந்த பிறகோ ஒவ்வொரு பிறப்பும் டிரஸ்ஸர் ஐயா கண்ணெதிரே நடந்தது, ஒவ்வொரு இறப்பும் எழுதப்பட்டது. பழைய ஆண்டுகள் அழகாக இருந்ததற்குக் காரணம், அவற்றில் பாதிச் சாவு எங்கள் தாளுக்கு வரவே இல்லை என்பதுதான்.

இதைத் துரைக்கு எப்படிக் காட்டுவது? டிரஸ்ஸர் ஐயா பெண்களிடம் கேட்டுப் பார்த்தார். ஒருவரும் பேசவில்லை. கடைசியில் மாரியாயியை அழைத்து, "ஒண்டும் சொல்ல வேண்டாம் எண்டு சொல்லும். பிள்ளையை வைச்ச இடத்திலை வந்து நிண்டால் போதும்" என்றார். மாரியாயி "நிக்கிறதுல தப்பு இல்லீங்க" என்றார்.

ஓடைக்கு அப்பால் லாலான் புல் மண்டிய சரிவு ஒன்று உண்டு. அப்படிப் போன பிள்ளைகளை அங்கேதான் புதைப்பார்கள். முதலில் ஓடைக்கரையில் தொடங்கி, ஆண்டுகள் போகப் போக மேட்டை நோக்கி ஏறியிருந்தார்கள். கல் இல்லை, குறி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை துரையும் டிரஸ்ஸர் ஐயாவும் நானும் இந்தக் கரையில் நின்றோம். மூடுபனி ஓடையிலிருந்து எழும்பத் தொடங்கியிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவரும் தடுமாறவில்லை, தேடவில்லை. நேரே போய்த் தத்தம் இடத்தில் நின்றார்கள். கரையோரம் நிறைந்துகொண்டே வந்தது. மாரியாயி ஓர் இடத்தில் நின்றார். பிறகு தலைத்துணியை அவிழ்த்து, தம் இன்னொரு பிள்ளைக்காகச் சற்றுத் தள்ளி இன்னோர் இடத்தில் விரித்துவிட்டுத் திரும்பி வந்து நின்றார். அதைப் பார்த்து, ஒன்றுக்கு மேல் பறிகொடுத்த மற்றவர்களும் துணியை அவிழ்த்தார்கள். புல்லின் மேல் வெள்ளையும் சிவப்புமாகத் துணிகள். ஊருக்குத் திரும்பிப் போன பெண்களுக்காக நிற்க ஆள் இல்லை. அப்படியும் ஓடைக்கரையில் கால் வைக்க இடமில்லாமல் இருந்தது. மேட்டில், அறை வந்த பிறகான பகுதியில், அங்கொருத்தி இங்கொருத்தியாகச் சிலரே நின்றார்கள். அறை வந்த பிறகும், ஆட்குறைப்பு தொடங்கும்வரை லயங்கள் முன்போலவே நிறைந்திருந்தன, பிள்ளைகள் பிறப்பது குறையவில்லை என்பது துரைக்கும் தெரியும்.

எனக்கு அந்தக் காட்சி விழித்துக்கொண்டே காணும் கனவுபோல் இருந்தது. யாரும் அழவில்லை. பனி அவர்களின் முழங்கால் வரை வந்து நின்றது.

"மேட்டில் மட்டும் ஏன் இப்படித் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள்?" என்று துரை கேட்டார். டிரஸ்ஸர் ஐயா விளக்கிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார். சரிவில் இன்னொருவர் இறங்கிக்கொண்டிருந்தார். கரை போட்ட சேலை, கையில் ஒன்றுமில்லை. இராசம்மா அவர்கள். ஓடையின் ஓரத்தில், ஒரு பெரணிச் செடியின் அருகே போய் நின்றார். இந்தத் தோட்டத்துக்கு வந்த முதல் ஆண்டில் பிறந்து, பெயர் வைக்குமுன் போன பிள்ளை. டிரஸ்ஸர் ஐயா அப்போது காய்ச்சல் பரவிய வேறொரு பிரிவில் இருந்தாராம். புதைத்த இடம்கூட அவருக்குத் தெரியாது. மாரியாயிக்கும் இராசம்மா அவர்களுக்கும் மட்டுமே தெரியும்.

நேர்வழியாகச் சரிவைக் கடந்தால் துரையின் பங்களா பக்கம். அன்று அவர் அந்த இடங்களை மிதிக்காமல் ஓடையைச் சுற்றி, நீண்ட வழியாக நடந்து போனார். அறை பூட்டப்படவில்லை. பழைய ஆண்டுகளின் கணக்கை இப்போதைய கணக்கோடு ஒப்பிடலாகாது என்பதையும், அதற்கான காரணத்தையும் டிரஸ்ஸர் ஐயா எழுதிக் கொடுக்க, துரை கையொப்பமிட்டார்.

அன்று ஓடையிலிருந்து திரும்பி வரும்போது டிரஸ்ஸர் ஐயா என்னிடம் சொன்னது இது: "கங்காணியை என்னத்துக்குக் குறை சொல்லுறது கிராணியார். நான் படிச்சனான். பேர் வைக்கேல்லை எண்டு நானும் என்ரை பிள்ளையை எழுதேல்லை." அவருடைய வீட்டு வாசல் வரை அவரோடு நடந்தேன்.

அதன்பின் அவர் தோட்டம் முழுவதும் ஒன்றையே சொல்லித் திரிந்தார். "பிறந்தவுடனை சொல்லுங்கோ. பேர் ஆறுதலா வைக்கலாம்." ஆண்டு முடிவில் ஒப்பிட்டுப் பார்த்து, இறப்பு வீதம் குறைந்திருந்தாலும் மகிழ மாட்டார். "அடுத்த வருசமும் பாப்பம்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். இரண்டு பேர் சேர்ந்து ஒரு நல்ல செய்திக்குச் சந்தோஷப்படக் கூடாதா என்று சண்டை போட்டிருக்கிறேன். அந்தச் சண்டைக்கு இனி ஆள் இல்லை.

உடலைத் தோட்டத்துக்கே கொண்டுவந்தோம். வேலைக்குப் போன யாரும் வேலையில் இல்லை. இராசம்மா அவர்கள் வாசலில் நின்று, "குளிராமல் கொண்டு போங்கோ" என்று மட்டும் சொன்னார். தகனம் முடிந்து, குளித்துவிட்டு ஈரத் துணியோடு நான் ஆபீஸ் பக்கம் வந்தபோது வாசலில் மாரியாயி நின்றிருந்தார்.

"புள்ள பொறந்திருக்குங்க. பொம்பளப் புள்ள. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க" என்றார். "டிரஸ்ஸர் ஐயாகிட்டதான் சொல்லுவேன். இப்ப யாருகிட்ட சொல்றது?"

"என்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

"பேரு இன்னும் வைக்கல."

கதவைத் திறந்து உள்ளே போனேன். ஈரக் கை தாளில் படாமல் எழுதினேன். ஐயா, உங்களுக்குப் பின் இந்தத் தோட்டத்தில் பிறந்த முதல் பிள்ளை கணக்கில் ஏறிவிட்டாள். பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் நிம்மதியாகச் சென்று வாருங்கள்.