தகரப் பந்தல்

பலெர்மோவில் கூரை கூரையாக ஏறி இணைய அன்டெனா பூட்டுவது சூசைதாசனின் வேலை. வயர் இழுக்க வழியில்லாத பழைய கட்டிடங்களுக்கு மலையில் நிற்கும் கோபுரத்திலிருந்து காற்றிலேயே இன்டர்நெட் வரும். அன்டெனா கோபுரத்தை நேரே பார்த்தால் போதும். குறுக்கே ஒன்றும் நிற்கக்கூடாது என்று பொலிதேயாமாப் பக்கத்து வக்கீல்மார் முதல் பல்லரோச் சந்தை மீன்காரர் வரைக்கும் அவர் ஓதாத நாளில்லை. ஒரு இத்தாலிக்காரச் சிஞ்ஞோரா அம்மா ஆசையாக வளர்த்த எலுமிச்சையையே வெட்டவைத்த மனுசன்.

அவரிடமும் மனைவி மாக்கிரட்டிடமும் இருந்தது அகதி அட்டை. அதை வைத்துக்கொண்டு இலங்கையைத் தவிர எங்கும் போகலாம். மகள் மொனிகாவோ மன்னாரில் சித்தி வீட்டில் வளர்ந்தவள். 2014இல் அவளுக்குக் கலியாணமும் அங்கேதான் நிச்சயமானது. ஸ்கைப்பில் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அல்பெர்கேரியாப் பகுதியில் தன் வீட்டு மொட்டைமாடியில் இருப்பதிலேயே நல்ல அன்டெனாவைப் பூட்டினார். தாலி ஏறும்போது பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் போதும் என்று கண்டவர் எல்லோரிடமும் சொன்னார்.

கலியாணத்தன்று காலையிலும் வேலை. முடித்துவிட்டு மத்தியானம் ஓடிவந்தார். மாடியில் சனம், சாப்பாடு, பெரிய டிவி எல்லாம் இருந்தன. டிவியில் படம்தான் இல்லை. பொம்பிளை வீடு பந்தல் இல்லாமல் இருக்கலாமா என்று, கட்டிட வேலை செய்யும் றோபேட் தகரம் கொண்டுவந்து அருமையாகப் பந்தல் போட்டிருந்தான். அதுவும் அன்டெனாவுக்கு நேர் முன்னால்.

"ஆரடா இதை இஞ்சை போட்டது?"

"நான்தான் அண்ணை. வடிவாயிருக்கோ?"

"கழட்டு."

மாக்கிரட் குறுக்கே வந்தாள். "தாலி ஏற முதல் பந்தலைப் பிரிக்கிறதோ? பிள்ளைக்கு ஒண்டெண்டால் நீங்களோ பதில் சொல்லுவியள்?"

சூசைதாசனுக்கும் உள்ளுக்குள் பயம்தான். அன்டெனாவைக் கம்பத்திலிருந்து கழற்றினார். வயரையும் இழுத்துக்கொண்டு, பந்தலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தாங்கியில் ஏறினார். இரண்டு கையாலும் அன்டெனாவைத் தலைக்கு மேல் தூக்கிக் கோபுரத்துக்குக் காட்டினார்.

"வந்திட்டுது!" பந்தலுக்குள் கைதட்டல்.

டிவி அவருக்குப் பின்னால் இருந்தது. றோபேட் ஏறிவந்து, "நான் பிடிக்கிறன் அண்ணை, நீங்கள் போய்ப் பாருங்கோ" என்று வாங்கினான். படம் அப்படியே உறைந்துபோனது. சனம் கத்தியது. அன்டெனா திரும்பவும் சூசைதாசன் கைக்கே வந்தது. அதன்பிறகு ஒருவரும் உதவிக்கு வரவில்லை.

சுவாமியாரின் குரல் கேட்டது. பாட்டுக் கேட்டது. மகள் சம்மதித்து ஓம் என்று சொன்னதும் கேட்டது. மனுசன் அழுதுவிட்டார். துடைக்கத்தான் கை இல்லை.

தாலி ஏறியபிறகு மொனிகா அங்கே படம் பிடித்துக்கொண்டிருந்த போனுக்குக் கிட்ட வந்து, "அப்பா எங்கை?" என்று கேட்டாள். மாக்கிரட் டிவியோடு பூட்டியிருந்த லாப்டொப்பைத் தூக்கித் தண்ணீர்த் தாங்கிப் பக்கம் காட்டினாள்.

"அப்பா, ஒருக்கால் இஞ்சாலை திரும்புங்கோ. உங்கடை முகத்தைப் பாக்கவேணும்."

"திரும்பினால் லைன் போயிடும், பிள்ளை," என்றார் சூசைதாசன் மலையைப் பார்த்தபடி. "நீ கதை. எனக்கு நல்லாக் கேக்குது."