நான் அழித்த மூன்று வரிகள்

பெர்னதெத்தின் வேலை போனதற்குக் காரணம் நான். தவறு என்னுடையது என்று தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. சிஸ்டம் அட்மின் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் உருவாக்கிய ஒவ்வொரு புரோகிராமுக்கும் மேன் பேஜ் எழுதுவேன். அது திரையில் படிக்கும் விளக்கக் குறிப்பு. அதைப் படித்தவள், என் அறையிலேயே உட்கார்ந்து ஏற்றுமதிப் பிரிவு வேலையைப் பார்த்த ஒப்பந்த ஊழியர் பெர்னதெத் மட்டும்தான். மணப்பாட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள்.

"சார், நீங்க எழுதுததை நான் ஒருத்திதான் படிக்கேன். மூணாவது பாராவுல நீங்களே குழம்பிட்டியளே" என்பாள். திருத்துவேன். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே சில பக்கங்களை எழுதியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

மேன் பேஜை வடிவமைக்கும் மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. அதை எழுதும் அப்ஸ்ட்ரீம்காரர்கள் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். கமாண்டில் -n என்று வரும்போது முன்னால் நிற்கும் சிறு கோடு, இனி அச்சுநூல்களில் சொற்களை இணைக்கும் கோடாகத் தெரியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. பழைய கோடு வேண்டுமென்றால், பக்கத்தை எழுதுபவர் அதற்கு முன் ஒரு சாய்கோடு போட வேண்டும். பழைய பக்கங்கள் பலவற்றில் அது கிடையாது. அதனால் எங்கள் டிஸ்ட்ரோவை, அதாவது நாங்கள் பயன்படுத்திய லினக்ஸ் தொகுப்பைப் பராமரிப்பவர்கள், பழையபடியே காட்டும்படி செட்டிங் ஃபைலில் மூன்று வரிகளைச் சேர்த்து அனுப்பினார்கள். மக்கள் மேன் பேஜிலிருந்துதான் கமாண்டுகளைக் காப்பி செய்கிறார்கள் என்று காரணமும் எழுதியிருந்தார்கள்.

எனக்கு அது சோம்பேறிகளுக்குக் கொடுத்த சலுகையாகப் பட்டது. மூன்று வரிகளையும் அழித்தேன். எங்கள் பக்கங்களில் நானே சாய்கோடு போட்டுக்கொண்டு வந்தேன். ஒன்று விட்டுப்போயிற்று.

கப்பலில் ஏற்ற வேண்டிய கன்டெய்னர்களின் பட்டியலைத் துறைமுக டெர்மினலுக்கு அனுப்பும் புரோகிராமின் பக்கம் அது. -n போட்டால் பட்டியலைச் சோதிக்க மட்டும் செய்யும், இல்லாவிட்டால் அனுப்பிவிடும். பாதி முடிந்த பட்டியலைச் சோதிக்க, பெர்னதெத் பக்கத்தில் இருந்த வரியை அப்படியே காப்பி செய்து ஓட்டினாள். புரோகிராம் அந்த -n-ஐ அடையாளம் காணவில்லை. பட்டியல் போய்விட்டது. அதில் இல்லாத கன்டெய்னர்களைத் துறைமுக கேட்டில் திருப்பிவிட்டார்கள். அவை இல்லாமலே கப்பல் கிளம்பியது.

மேனேஜர் எங்கள் அறைக்கு வந்தார். "அண்ணாச்சி, ட்ரெய்லர்காரன் கேட்டுல நின்னு கிழி கிழின்னு கிழிக்கான். யாரு பாத்த வேலை இது?"

"நான் -n போட்டேன் சார். இங்கன பாருங்க, இருக்குல்லா" என்றாள் பெர்னதெத்.

அதற்குள் நான் அந்த வரியைச் சோதித்துப் பார்த்திருந்தேன். கோடு எது என்று எனக்குத் தெரியும்.

"ஒழுங்கா அடிச்சிருந்தா வேலை செஞ்சிருக்குமே" என்றேன்.

"ஏளா, கண்ணைத் தொறந்துக்கிட்டுதான் வேலை பாக்கியா?" என்றார் மேனேஜர். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மதியமே மூன்று வரிகளையும் திரும்பச் சேர்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதன் பிறகும் பக்கங்கள் எழுதினேன். யாரும் ஒரு குழப்பமும் சொல்லவில்லை. ஒரு பாராவை முடித்தவுடன் கை தானாக நின்றுவிடும். அவளுடைய நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்ப்பேன்.

ஓய்வு பெறும் வாரத்தில் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"போற நேரத்துல இதை ஏன் அண்ணாச்சி கிளறுதிய?" என்றார். ஆனாலும் அவளைப் போனில் கூப்பிட்டு, திரும்ப வேலைக்கு வரச் சொன்னார். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

தவறு என்னுடையது என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு மணப்பாட்டில் அவள் வீட்டுக்குப் போனேன். வேறு வேலை கேட்டுப் போகும் இடத்திலெல்லாம் பழைய ஆபீசை ஏன் விட்டாய் என்று கேட்கிறார்கள் என்றாள். கடிதத்தை நின்றபடியே படித்தாள். அவசரமில்லாமல், கடைசி வரி வரை.

"ஒண்ணு விட்டுப்போச்சே சார்."

"என்னம்மா?"

"காப்பி பண்ணா எரர் வருதுன்னு முந்தின வாரமே ரெண்டு தடவை சொன்னேன். எல்லாப் பக்கமும் திருத்தியாச்சு, தைரியமா காப்பி பண்ணுன்னு சொன்னிய. அதை எழுதலையே."

மேனேஜரிடமும் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. அவளிடமே பேனா வாங்கி, கையெழுத்துக்கு மேலே எழுதினேன். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"இப்ப சரியா இருக்கு" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

அப்ஸ்ட்ரீமுக்கு எதிராக டிஸ்ட்ரோ ஒரு வரி சேர்த்திருந்தால், அழிக்கும் முன், அது யாரைக் காப்பாற்றுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த ஆள் உங்கள் அறையிலேயே இருப்பார்.

சில வாரம் கழித்து அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது: "வேலை கெடச்சிட்டு சார். லெட்டரை வாங்கிப் படிச்சாங்க." எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை.