சூரிங்கின் உப்பில்லாத கோழி

மூங்கில் குழாயை நெருப்பில் சாய்ப்பதற்கு முன் சூரிங் அதைக் காதோடு சேர்த்து ஒரு முறை ஆட்டிப் பார்ப்பாள். உள்ளே தண்ணீர் போதாது என்று பட்டால் கொஞ்சம் ஊற்றுவாள். போதும் என்றால் மரவள்ளி இலையைச் சுருட்டி வாயை அடைத்துவிட்டு அடுத்த குழாயை எடுப்பாள். மலேசியாவின் கூச்சிங் நகரத்தில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிற இந்தப் பெண், நோயாளியின் நெஞ்சைக்கூட இத்தனை கவனமாகக் கேட்பதில்லை என்று பேராசிரியர் ஒருவர் குறைபட்டுக்கொண்டார். "நோயாளின்னா வாயத் தொறந்து சொல்லிடுவாங்க சார். மூங்கில் சொல்லாதுல்ல" என்பது அவள் பதில்.

சனிக்கிழமைதோறும் விடுதி வாசலில் மாணவர்கள் கடை போடுகிறார்கள். விற்பது ஒன்றே ஒன்று, மூங்கிலில் வெந்த கோழி. வருகிற காசில் படகு பேசி, மருந்து வாங்கி, ஆற்றின் மேல்பகுதியில், ஊரே ஒரே கூரையின் கீழ் வாழும் நீள்வீடுகளுக்குப் போய் வைத்தியம் பார்க்க வேண்டும். வெங்காயம் நறுக்கக் கொடுத்தால் பிணவறையில் நிற்பதுபோல் சுற்றி நின்று, எந்தப் பக்கம் கத்தி வைப்பது என்று விவாதிக்கிற கூட்டம் அது. வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு விற்றால் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும் என்று யாரோ சொல்ல, இப்போது எல்லார் கோட்டிலும் கரி.

சமையலில் சூரிங் சொன்னதுதான் சட்டம். அவள் இபான் பழங்குடிப் பெண், இது அவள் வீட்டுச் சாப்பாடு, அதனால் யாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் அவள் உப்பு போடுவதில்லை. மறந்துபோய் அல்ல, போடுவதே இல்லை. எலுமிச்சம்புல்லை நசுக்கிப் போடுவாள், இஞ்சிப்பூவின் தண்டை அரிந்து போடுவாள், ஒரு வாரம் புளிப்புக் காயை ஏற்றுவாள், மறு வாரம் குறைப்பாள். சாப்பிட வருகிறவர்கள் முதல் வாய்க்கே நிமிர்ந்து பார்ப்பார்கள். "ஆஸ்பத்திரிச் சாப்பாட்ட அங்கயே போயித் தின்னுக்குவேனே, இதுக்கு எதுக்கு வரிசையில நிக்கணும்?" என்று ஒரு டாக்சிக்காரர் கேட்டுவிட்டுப் போனார். பாதிக்குப் பாதி குழாய்கள் மீந்தன. அவற்றைச் சமைத்தவர்களே தின்றார்கள்.

குழுத் தலைவன் வீ கியோங்குக்குப் பொறுமை போய்விட்டது. "அடுத்த சனிக்கிழமைதான் கடைசி. அன்னிக்கும் ஓடலைன்னா ஒரு படகுதான் எடுக்க முடியும். பாதிப் பேர் இங்கயே நிக்கணும், பாதி மருந்தும் நிக்கும். நீ உப்பு போடு, இல்லேன்னா அடுப்பு பக்கம் வராதே."

அப்போதுதான் சூரிங் விஷயத்தைச் சொன்னாள். அவளை வளர்த்தவர் தாய்மாமா லாயாங். அந்த மேலாற்று நீள்வீடுகளில் ஒன்றில் இருக்கிறார். இரத்தக் கொதிப்பு. போன வருஷம் வாய் ஒரு பக்கம் கோணி, மெல்லச் சரியானது. அதற்குப் பிறகும் உப்புக்கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. உப்பில்லாமலே அவர் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஒரு ருசியைக் கண்டுபிடிக்கத்தான் சூரிங் மாதக்கணக்காகக் கூச்சிங் ஜனங்களின் நாக்கைக் கடன் வாங்கிக்கொண்டிருந்தாள். வீ கியோங்கால் திட்டவும் முடியவில்லை, சரி என்று சொல்லவும் முடியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

கடைசிச் சனிக்கிழமை மாமாவே வந்து நின்றார். அடையாள அட்டை மாற்ற நகரத்துக்கு வந்தவர், நேராகக் கடைக்கு வந்துவிட்டார். கடையின் மேல் மாட்டியிருந்த பெரிய படத்தை அண்ணாந்து பார்த்தார். போன வருஷம் நீள்வீட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போனபோது எடுத்த படம். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவரேதான் அதில் இருந்தார். கீழே 'இவர்களுக்கு உதவுங்கள்' என்று எழுதியிருந்தது. ஏழ்மையால் வாடிய முகம் என்று, சூரிங்கைக் கேட்காமலே அதை மாட்டிய மற்ற மாணவர்கள் நினைத்திருந்தார்கள். கருவாட்டைத் தொடக்கூடாது என்று யாரோ அப்போதுதான் சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான். மாமாவுக்கு மிளகுத் தோட்டம் இருக்கிறது.

"என் மூஞ்சிய வச்சுத்தான் யாவாரமா? அப்ப நான் காசு குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஒரு கிண்ணம் காலியாயிற்று. இரண்டாவதையும் நீட்டினார். சூரிங் கரண்டியைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதில் நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"எல்லாம் இருக்கு. என்னமோ ஒண்ணு இல்ல." சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உப்பு. ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தார்.

"மாமா, வேணாம்."

"நீ சும்மா இரு. என் தோள்ல ஒக்காந்து ஒண்ணுக்குப் போனவ, எனக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டா!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எத்தனையோ முறை கேட்ட பேச்சுதான். வெள்ளைக் கோட்டோடு நின்று கேட்டபோது சூரிங்குக்கு அழுகை முட்டியது.

வீ கியோங் வந்தான். வாய்மொழித் தேர்வில் நிற்பவன்போல் தொண்டையைச் செருமினான். "அங்கிள்... உப்பு கூடாது."

மாமா அவனைக் கரிக்கோட்டோடு மேலும் கீழும் பார்த்தார். எழுந்து நின்றார். "சரிங்க டாக்டர்" என்று பொட்டலத்தை அவன் கையில் வைத்தார். ஒரு வருஷமாக இவள் கெஞ்சியதை வழியோடு வந்தவன் அரை வாக்கியத்தில் முடித்துவிட்டான். சூரிங்குக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

வீ கியோங்குக்குத் தைரியம் வந்துவிட்டது. இரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை எடுத்துக்கொண்டு கிட்டே போனான். மாமா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சொல்றதெல்லாம் நீங்க சொல்லுங்க டாக்டர், கேட்டுக்கறேன். கைய அவகிட்டத்தான் குடுப்பேன்." சட்டையைத் தோள்வரை சுருட்டி, அடுப்புப் பக்கமாக நீட்டினார்.

சூரிங் கரியைக் கோட்டில் துடைத்துக்கொண்டு வந்து பட்டையைக் கட்டினாள். ஸ்டெதாஸ்கோப் குழாயைக் காதில் மாட்டி, காற்றை ஏற்றினாள். "ஏம்மா, எங்களுக்காவது உப்பு உண்டா?" என்று வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். வீ கியோங் பொட்டலத்தோடு அவள் முகத்தைப் பார்த்தான். அழுத்தம் காட்டும் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல், மாமாவின் கையை விடாமல், அவள் வரிசைக்காக நிரம்பியிருந்த கிண்ணங்களை நோக்கி, போடு என்பதுபோல் மோவாயை ஒரு முறை ஆட்டினாள்.