நைனா பூட்டிய சப்பரம்

எங்கள் தெருவில் யாரிடமாவது என் நைனாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "மாதா சப்பரத்துக்கே பூட்டு போட்டவர்தானே" என்று சிரிப்பார்கள். காலமெல்லாம் காசிமேட்டிலிருந்து ஐஸும் மீனும் ஏற்றி வந்த மனுஷனுக்கு இவர்கள் கொடுத்த பட்டம் அதுதான். கேட்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சிரிக்கிறவர்களில் பாதிப்பேர் அன்றைக்கு அவர் மேல் பாய்ந்தவர்கள். அவர்களை மட்டும் சொல்வானேன், அன்றைக்கு எல்லாரையும்விடக் கேவலமாகப் பேசியது நான்தான்.

திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் குகை மாதிரி கட்டிய கெபியில் வருஷா வருஷம் மாதா திருவிழா நடக்கும். கடைசி நாள் சாயங்காலம் மாதா சுரூபத்தைச் சப்பரத்தில் வைத்துக் கோயில் வரைக்கும் கொண்டுபோவார்கள். நடுவில் ரயில்வே லைனைத் தாண்டுகிற பாலம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் தோளில்தான் தூக்கினார்கள். எனக்குப் பத்து வயதானபோது, வெல்டிங் கடை வைத்திருந்த என் மாமா, அம்மாவின் அண்ணன், இரண்டு சக்கரம் போட்டு ஒரு டிரெயிலர் அடித்து அதையே சப்பரமாக ஜோடித்துவிட்டார். இழுப்பதற்கு நைனாவின் மீன்பாடி வண்டி. முன்னால் இரண்டு சக்கரம், சரக்கு வைக்கப் பலகை. பின்னால் ஒற்றைச் சக்கரம், அதற்கு மேலே ஓட்டுகிறவர் சீட்டு, பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின். இழுக்கிறவருக்குத்தான் கோயில் வாசலில் முதல் மாலை என்றும் பேசி வைத்திருந்தார்கள்.

எனக்கு மாலையும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். அந்த வருஷம் நான் சம்மனசு, தேவதூதர் வேஷம். வெள்ளைக் கவுன், ஜிகினாக் காகிதம் ஒட்டிய அட்டைச் சிறகு, தலையில் நட்சத்திரம் என்று சப்பரத்தில் மாதாவோடு வருகிற நாலு பிள்ளைகளில் ஒருத்தி. மூன்று வருஷமாகப் பெயர் கொடுத்துக் கொடுத்து, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தட்டிக்கழிக்கப்பட்டவள். அம்மா ஒரு வாரம் உட்கார்ந்து சிறகு ஒட்டினாள். டிரெயிலரின் நடுவில் மாதா, மாதாவுக்குப் பின்னால் ஒரு பலகையில் நாங்கள் நாலு பேர், எங்களுக்கும் பின்னால் சீரியல் லைட்டுக்கான ஜெனரேட்டர். அரை மணி நேரமாக நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். மூக்கு அரித்தால்கூடச் சொறியவில்லை.

நைனா வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தார். டிரெயிலரின் இழுவைக் கம்பியைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்த்தார். அது சும்மா ஒற்றைக் கையிலேயே எழும்பி வந்தது. அவர் முகம் மாறியது.

"இது ஆவாது மச்சான். வெயிட்டு பூரா பின்னால கீது. எறக்கத்துல கம்பி என் பின்சக்கரத்தத் தூக்கிக்கும். அப்புறம் பிரேக்கு இன்னாத்த புடிக்கும்? கவுந்துடும். ஜெனரேட்டர முன்னால வை. புள்ளைங்கள எறக்கு."

மாமாவுக்கு வந்ததே கோபம். ஜெனரேட்டரை முன்னால் வைத்தால் புகை நேராக மாதா முகத்தில் அடிக்காதா? யாராவது மாதாவுக்குப் புகை போடுவார்களா? பக்தி இல்லாதவன் பேசுகிற பேச்சு என்று கூட்டமே மாமா பக்கம் சேர்ந்துகொண்டது. டிரெயிலரில் ஆள் ஏறுவதே தப்பு என்று நைனா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அம்மா கூட்டத்துக்குள் வந்து, பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வா, வீட்டுக்குப் போகலாம் என்று அவரைக் கூப்பிட்டாள். நைனாவும் வண்டியில் ஏறி எஞ்சினைக் கிளப்பிவிட்டார். மாமா கையை வீசினார்.

"போ மச்சான், ஒண்ணும் பேஜாரு இல்ல. விம்கோ நகர்லேர்ந்து என் தோஸ்து வண்டி வந்து முனையில நிக்குது. அவன் மாட்டிக்குவான். புள்ளைங்க அப்பிடியே நிக்கட்டும்."

நைனா எஞ்சினை நிறுத்தினார். இறங்கி வந்து இழுவைக் கம்பியைத் தன் வண்டியிலேயே மாட்டினார். இரும்புப் பின்னைச் செருகினார். துறைமுகத்தில் வண்டியைத் திருடர்களுக்குப் பயந்து கட்டி வைக்கிற இரும்புச் சங்கிலி ஒன்று வைத்திருந்தார். அதைக் கம்பியோடு சேர்த்து இரண்டு சுற்று சுற்றிப் பூட்டைப் போட்டார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு சப்பரத்தில் ஏறி, நாலு பேரில் முதலில் என்னைத்தான் தூக்கி இறக்கினார். இடது சிறகு ஜெனரேட்டர் கம்பியில் மாட்டி டர்ரென்று கிழிந்தது.

வண்டிக்காரனே தன் பெண்ணை இறக்கிவிட்டான் என்றதும் மற்ற மூன்று பேரின் அம்மாக்களும் ஓடிவந்து தங்கள் பிள்ளைகளை இறக்கிக்கொண்டார்கள். மாமா நைனாவின் சட்டைக் காலரைப் பிடித்தார். மாலைக்கு ஆசைப்பட்டுத்தான் பூட்டிக்கொண்டான் என்றது ஒரு குரல். சாவியைப் பிடுங்குங்கள் என்றது இன்னொன்று. நைனா கையைக்கூட ஓங்கவில்லை. நான்தான் ஓங்கினேன். கிழிந்த சிறகைக் கழற்றி அவர் மேலே வீசிவிட்டு, அத்தனை பேர் நடுவிலும் கத்தினேன்.

"நீ எனக்கு நைனாவே இல்ல. கலீஜு."

அவர் என்னைப் பார்த்தார். "பாலம் எறக்கம் கீது, பாப்பா" என்று மட்டும் சொன்னார்.

இருட்டுவதற்குள் கோயிலுக்குப் போயாக வேண்டும் என்பதால் வேறு வழியில்லாமல் விட்டார்கள். நைனா தன் மீன்பெட்டிகள் இரண்டில் மணலை நிரப்பிச் சப்பரத்தின் முன்பக்கம் வைத்தார். கம்பியை மறுபடி தூக்கிப் பார்த்தார். இந்தத் தடவை இரண்டு கையும் போட்டு முக்கித்தான் தூக்க முடிந்தது. மாதாவுக்கு முன்னால் மீன்பெட்டியா என்று மறுபடி ஒரு கூச்சல். மீன் விற்கிற அக்கா ஒருத்தி, "ஏன், நம்ம மாதாவுக்கு மீன் நாத்தம் புதுசா?" என்று கேட்டு வெள்ளைத் துணியைப் போட்டு மூடினாள். அன்றைக்கு அவர் பக்கம் பேசியவள் அவள் ஒருத்திதான்.

பாலத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் நைனா முதல் கியரை மாற்றவே இல்லை. நத்தைகூட முந்தியிருக்கும். பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த பாட்டையே திரும்பத் திரும்ப வாசித்துச் சலித்தார்கள். இறக்கத்தில் டிரெயிலர் வண்டியைப் பிடித்து முன்னால் தள்ளுவது ஓரமாக நடந்த எனக்கே தெரிந்தது. வண்டி முனகியது. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. சப்பரம் நேராகப் போய்க் கோயில் வாசலில் நின்றது. "இன்னாமோ கவுந்துடும்னியே, இன்னா ஆச்சு?" என்று மாமா எல்லார் முன்னாலும் கேட்டார். கூட்டம் சிரித்தது. மாலையை வேறு யாருக்கோ போட்டார்கள்.

நைனா பூட்டைத் திறந்துவிட்டுக் கோயில் மதிலோரம் போய் உட்கார்ந்தார். பீடியைப் பற்றவைக்கப் பார்த்தார். கை உதறியதில் மூன்று குச்சி வீணாயிற்று. வெட்கத்தில் நடுங்குகிறார் என்று நினைத்தேன். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது, பாவி எனக்கு.

பள்ளிக்கூடத்தில் என் பெயர் மீன்பெட்டிச் சம்மனசு ஆயிற்று. நாலைந்து மாதம் நான் நைனாவோடு பேசவில்லை. மாமா வருஷக்கணக்காக எங்கள் வீட்டு வாசப்படி மிதிக்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து சப்பரம் பழையபடி தோளில் போனது. அந்த வண்டி ராசியில்லை என்று காரணம் சொன்னார்களாம். இதற்கெல்லாம் நைனா ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே என்று அவர் மேலும் எனக்கு ஆத்திரம்தான்.

அவ்வளவு பயந்தவர் ஏன் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை என்று அந்தப் பத்து வயதில் எனக்கு ஒருதரம்கூடக் கேட்கத் தோன்றவில்லை. போயிருந்தால் அவர் மானமாவது மிஞ்சியிருக்கும். முனையில் நின்ற வண்டி வந்து மாட்டியிருக்கும். நான் அந்தப் பலகையில் கையைக் கூப்பிக்கொண்டு, சிரித்தபடி பாலம் ஏறியிருப்பேன்.