பூட்டுக்கு எத்தனை ஊசி

திருப்பூர் வீரபாண்டியில் ஒரு தையல் பயிற்சி மையத்தில் பெண்களுக்கு மெஷின் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். பனியன் கம்பெனியில் பல வருஷம் தைத்துவிட்டுச் சேர்ந்த வேலை. நாடு முழுக்க ஒரே தகுதி என்று புதிய விதி வந்தது. தேர்வில் பாஸானவர்தான் இனி வகுப்பெடுக்கலாம். அதில் எனக்குக் கோபமில்லை. மைய முதலாளியின் மச்சான்கூட வந்து செல்போனை நோண்டிக்கொண்டே பாடம் நடத்தியிருக்கிறான். சொல்லித்தருகிறவருக்குத் தேர்வு வேண்டும்தான்.

கம்ப்யூட்டரில் தேர்வு. "பூட்டு இயந்திரத்தில் எத்தனை ஊசிகள் பொருத்தலாம்?" என்று கேட்டிருந்தார்கள். பூட்டின் நூல் இழுவை, பூட்டில் தையல் விட்டுப்போவது என்று அதே மாதிரி வந்துகொண்டே இருந்தது. கையைத் தூக்கினேன்.

"சார், பூட்டுக்கு எதுக்கு ஊசி?"

மேற்பார்வையாளர் திரையைப் பார்க்கவேயில்லை. "ஏதாச்சும் ஒண்ண அமுக்குங்க மேடம்."

தெரியாததை அமுக்கமாட்டேன் என்று அத்தனையையும் விட்டுவிட்டேன். பெயில்.

மையத்தின் மேலாளரிடம் சத்தம் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ஓரம் மடித்துத் தைக்கும் ஃப்ளாட்லாக் மெஷினைத் திருப்பூரில் பேட்லாக் என்றுதான் சொல்வோம். பனியன் தையலுக்கான கேள்விகளை எழுதி அனுப்பியதே எங்கள் மையம்தான். வாயில் வருகிறபடியே ஆங்கிலத்தில் அடித்திருக்கிறார்கள். பேட்லாக் என்றால் ஆங்கிலத்தில் பூட்டு. எங்கோ உட்கார்ந்து தமிழாக்கியவர் பூட்டு என்றே போட்டுவிட்டார்.

"நம்மாளுக தப்புத்தானுங்க," என்றார் மேலாளர். "அடுத்த பரீட்சை வரைக்கும் ஸ்டோர்ல இருங்க டீச்சர்."

"மத்தவங்க மட்டும் எப்படிப் பாஸானாங்க?"

"அமுக்குனாங்க. உங்களை யாருங்க யோசிக்கச் சொன்னது?"

இப்போது நூல் எடுத்துக்கொடுக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் வகுப்பு நடக்கிறது. மதியம் தனியாகச் சாப்பிடுகிறேன். பாஸானவர்களோடு உட்காரப் பிடிக்கவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை. நல்லூரில் நான் வாடகைக்கு இருக்கும் அறைக்குப் போனாலும் பேச ஆளில்லை. ஊரிலிருக்கும் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் பஸ்ஸில் என் வகுப்புப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங் மிஸ், எப்பத் திரும்ப வருவீங்க? புது மிஸ் வீடியோ போட்டுட்டு வெளிய போயிடறாங்க. எனக்கு ஓரம் மடிச்சா அலை அலையா வருதுங்க. கேட்டா, மறுபடி வீடியோவப் பாருங்கறாங்க."

"பாஸானா வருவேன்."

"நீங்களே பெயிலுங்களா?" சிரித்துவிட்டாள். "அப்புறம் நாங்கெல்லாம் எங்கீங்க பாஸாகறது?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் துப்பட்டாவின் ஓரத்தை மடித்து மடியில் வைத்தேன். துணியைப் பின்னாலிருந்து இழுக்கக் கூடாது, துணியை அமுக்கும் மெஷின் காலின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று விரலால் காட்டினேன். அவளையும் செய்து காட்டச் சொன்னேன். முதலில் இழுத்தாள். கையைத் தட்டிவிட்டேன். நல்லூர் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

அவள் இறங்கிய இடத்திலேயே நானும் இறங்கி, அறைக்குத் திரும்ப நடந்தேன்.