அடியிலிருந்து வந்த தண்ணீர்

சென்னைப் பக்கம் புயல் என்று டிவியில் சொன்னாலே எங்கள் ஸ்ரீராம்புரத்துச் சந்தில் மணல் மூட்டை தேட ஆரம்பித்துவிடுவோம். கடல் இல்லாத ஊர்தான். ஆனாலும் அங்கே கரையைத் தொடும் புயல் இங்கே இரண்டு நாள் மழையாகக் கொட்டும். ராஜகால்வாய் என்ற பெரிய மழைநீர்க் கால்வாய் நிரம்பித் தெரு வழியாக வீட்டுக்குள் வந்துவிடும்.

அந்த முறை எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாக நினைத்தேன். ஃப்ரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றினேன். ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், மகளின் மார்க் ஷீட் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பரணுக்குப் போயின. வாசலில் மணல் மூட்டை அடுக்கினேன். மகளை என் அக்கா வீட்டுக்கு அனுப்பியாயிற்று. கணவர் மாநகராட்சி ஊழியர். மழை என்றால் அவருக்கு வீடு கிடையாது. நானும் மாமனாரும் மட்டும்தான் இருந்தோம்.

கோலார் தங்க வயலில் பூமிக்கடியில் வேலை பார்த்தவர் மாமனார். எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. மூட்டைகளைப் பார்த்து, "இன்னாம்மா, சண்டைக்கா போற?" என்று சிரித்தார்.

பகல் பதினொரு மணிக்குத் தெருவில் தண்ணீர் ஏறியது. மூட்டைகள் தாங்கின. அப்பாடா என்று நிமிர்ந்தேன். பின்னால் களக் களக் என்று ஒரு சத்தம். பாத்ரூமில் தண்ணீர் போகும் ஓட்டை வழியாகக் கறுப்புத் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. வாசலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த நான் இதை நினைக்கவே இல்லை.

அதற்குள் மாமனார் கத்தினார். "பெல் அடி! கூண்ட எறக்கச் சொல்லு! பெல் அடிடா!"

கட்டில் காலைக் கட்டிப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்தார். ஆனால் நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"மாமா, நான்தான் மாமா. எழுந்திருங்க, மாடிக்குப் போயிடலாம்."

"அவனுங்க உள்ள கீறானுங்கடா!"

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மாடிப் பக்கம் பார்த்துக் கூவினேன். மாடி வீட்டுக் கன்னடக்கார அம்மா ஓடி வந்தார். "பேக பன்னி, சீக்கிரம் வாங்க! இந்தப் பக்கம் நான் புடிச்சிக்கிறேன்." முழங்கால் தண்ணீரில் இருவருமாக அவரைத் தூக்கிச் சென்றோம்.

மேலே, மாடி அம்மா கொடுத்த காபியைக் குடித்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பிறகுதான் சொன்னார்.

"சுரங்கத்துல மொதல்ல கணுக்கால் அளவுதாம்மா தண்ணி இருந்துச்சி. சிரிச்சிக்கினே வேல செஞ்சோம். திடீர்னு அடியிலேர்ந்து பொங்குச்சி. மேல இழுக்குற கூண்டுல நா ஏறிட்டேன். ரெண்டு பேரு ஏறல."

சாயங்காலம் நனைந்து வந்த கணவரிடம் சொன்னேன். கம்பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே," என்றார்.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. ஃப்ரிட்ஜ் போய்விட்டது. மாமனார் நான்கு நாள் கீழே இறங்கவில்லை. மாடி அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் வேளாவேளைக்கு ராகி முத்தை என்ற களி உருண்டை போட்டார். ஐந்தாம் நாள் கணவர், தண்ணீர் திரும்பி வராதபடி பாத்ரூம் ஓட்டைக்கு ஒரு மூடி வைத்து இறுக்கினார். மாமனார் மெல்ல இறங்கி வந்து அதைக் காலால் அழுத்திப் பார்த்தார். இன்னொரு முறையும் அழுத்தினார். அப்புறம்தான் கட்டிலில் உட்கார்ந்தார்.