வெளிர் முடிக்குள் ஒரு திட்டு

ஜப்பானின் தொச்சிகியில் ரயில் பாதையை ஒட்டிய வீட்டில், செகாவா கினுக்கோ குட்டைக்கால் டாக்ஸ்ஹண்ட் நாய்களை வளர்த்து விற்றுவந்தாள். காலையில் கூண்டு கழுவினால் மத்தியானம் விரிப்புத் துவைக்க வேண்டும். இடுப்பு வலி விட்டபாடில்லை. சிவப்பு நாய்களை யாரும் சீந்துவதில்லை. சாம்பல் உடம்பில் கறுப்புத் திட்டுகள் தெளித்த அபூர்வ நிறம்தான் வேண்டுமாம். அவளிடம் அப்படி ஒன்று இருந்தது, சுமி.

திட்டு நாயைத் திட்டு நாயோடு சேர்த்தால் கண் தெரியாத, காது கேட்காத குட்டிகள் பிறக்கலாம். அதற்குப் பயந்துதான் வியாபாரி ஒரிஹாராவிடம் வெளிர் மஞ்சள் ஆண் நாய் கொமுகியை வாங்கியிருந்தாள்.

சுமி மூன்று குட்டி போட்டது. கடைசி, பால் வெள்ளை. இமை பிரிந்தபோது உள்ளே கடுகளவுதான் ஏதோ தெரிந்தது. கினுக்கோ அதன் பின்னால் சட்டி மூடியைத் தட்டினாள். அது பாட்டுக்குப் பால் குடித்தது.

கொமுகியின் காதை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். மஞ்சள் முடிக்கடியில் புகைபோல ஒரு திட்டு.

ஒரிஹாரா வந்ததும் கேட்டாள்: "குட்டியில இதுக்குத் திட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு. வளர வளர மங்கிடுச்சு. நீங்க கேக்கலையே அக்கா."

"மஞ்சளா இருக்கிற நாயப் பாத்து இத எப்படிக் கேப்பேன்?"

"சரி விடுங்க. வெள்ளைய என்கிட்ட குடுங்க, நான் பாத்துக்கிறேன்."

"எங்க வச்சுப் பாத்துப்ப?"

அவன் குனிந்து ஷூவைப் போட்டான். "இதுக்கெல்லாம் மனசு வச்சா தொழில் பண்ண முடியாதுக்கா."

"முடியலதான்" என்றாள் கினுக்கோ. "நீ போ."

சுமிக்கும் கொமுகிக்கும் குடும்பக் கட்டுப்பாடு செய்தாள். மற்ற நாய்களை, எதன் முடிக்குள் என்ன இருக்கலாம் என்று சொல்லிச் சொல்லியே நல்ல வீடுகளில் விட்டாள். பிறகு பெந்தோ என்கிற சாப்பாட்டுப் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுக்க நின்றபடி வேலை.

வெள்ளைக்குட்டி மோதிக்கொள்ளாமலிருக்க அவள் கணவர் மிட்சுஹாரு மேசைக் கால்களில் பழைய துண்டைச் சுற்றிவைத்தார். ஒரு மாலை அவள் வந்து தரையிலேயே படுத்துவிட்டாள். சட்டையில் ஒட்டியிருந்த தொழிற்சாலைச் சோற்றின் வினிகர் வாசனையை மோந்துகொண்டே குட்டி அவள் கையிடுக்கில் வந்து சுருண்டது.

"எந்திரிச்சு சாப்பிடு" என்றார் மிட்சுஹாரு.

"கொஞ்சம் போகட்டுங்க. இப்பத்தான் படுத்திருக்கு."